நாடு நீங்கிய பத்மநாப தாசர்கள்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் வாத்திகன் நகரில் போப் பிரான்சிஸ் காலமானார். அதே ஆண்டு ஜூலை 6ஆம் நாள் திபெத்தியரின் தலாய் லாமாவுக்குத் தொண்ணூறு வயது நிறைந்தது. இவ்விரு செய்திகளும் நாளேடுகளில் வந்த காலத்தில், நம் காலனியில் மாலை நேரத்தில் கூடும் அன்பர்களிடையே ஒரு வாதம் மூண்டது. சமயத் தலைவரே நாட்டுத் தலைவராகவும் வீற்றிருக்குமிடத்தில், அவர் மூப்பெய்தி நோயுற்றுப் படுத்தால் ஆட்சி யார் கையில் நிற்கும் என்பதே வாதம். நண்பர் ஒருவர், "இஃது உரோமாபுரிக்கும் திபெத்துக்கும் உரிய தொல்லை, நம் பக்கத்தில் அத்தகைய அரசு ஏது?" என்று முடித்துவிட்டார்.

ஏது என்பதற்கு விடை நம் காலடியிலேயே கிடக்கின்றது. நாம் சம்பளம் வாங்கி உண்ணும் இம்மாநிலத்தின் தெற்குப் பகுதி, ஓராண்டு குறைய இருநூறு ஆண்டுக் காலம் ஒரு தெய்வத்தின் அரசாகவே விளங்கியது. நம்மவர் கொழுந்து கிள்ளும் தேவிகுளம், பீருமேடு மலைகளும் அவ்வரசைச் சேர்ந்தவையே. அங்கே மன்னர் நோயுற்றபோது நிகழ்ந்தவை யாவும் ஏட்டில் உள்ளன. அன்று நான் சொன்னதைக் கேட்டிருந்த நம் சங்கச் செயலாளர், "இதனை ஆண்டு மலருக்கு எழுதித் தாரும்" என்றார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆயினும் பழைய வரலாற்று நூல்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

கொல்லம் 925ஆம் ஆண்டு மகரத் திங்கள் 5ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் 1750ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நம்மாழ்வாரால் பாடப்பெற்ற திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலில், ஒற்றைக்கல் மண்டபத்தில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் தம் உடைவாளைப் பெருமாளின் முன் வைத்தார். தாம் ஆண்டதும் வென்றதுமான நாடு முழுவதையும் பத்மநாபருக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். பின்னர் அவ்வாளைப் பெருமாள் சன்னிதியிலிருந்து திரும்பப் பெற்று, அன்று முதல் தாம் மன்னர் அல்லர், பத்மநாப தாசர், அதாவது பெருமாளின் ஊழியர் என்று அறிவித்தார். இதற்குத் திருப்படித் தானம் என்று பெயர். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு மன்னரும் பத்மநாப தாசர் என்றே பட்டம் புனைந்தனர். அரச குலப் பெண்டிர் பத்மநாப சேவினி எனப்பட்டனர்.

பக்தி ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுவாரும் உளர். சூழ்ச்சி ஒன்றே காரணம் என்று கூறுவாரும் உளர். அடியேன் இரண்டும் கலந்தது என்றே எண்ணுகிறேன். மார்த்தாண்ட வர்மர் 1729இல் பட்டம் ஏறிய நாள் முதல் எட்டு வீட்டுப் பிள்ளைமாரோடும், முந்தைய மன்னரின் புதல்வர்களான தம்பிமாரோடும் போராடியவர். தந்தைக்குப் பின் மகனே ஆளவேண்டும் என்பது தம்பிமாரின் வழக்கு. மாமனுக்குப் பின் மருமகனே ஆளவேண்டும் என்பது நாட்டு முறை. இவ்வழக்கு இரத்தத்தில் முடிந்தது. கொளச்சலில் 1741இல் டச்சுக்காரரை வென்று, டிலனாய் என்னும் அவர்தம் தளபதியையே தம் படைக்கு ஆசானாக்கிக்கொண்டவர் இம்மன்னர். அத்தகையவருக்கும் வீட்டுக்குள்ளிருந்து வரும் வாளைக் குறித்த அச்சம் இருந்தது இயல்பே. நாடு மன்னருடையதாக இருக்கும்வரை அவரை எதிர்ப்பது வெறும் கலகம். நாடு பெருமாளுடையது ஆனபின் அவரை எதிர்ப்பது தெய்வத் துரோகம். இவ்வளவு வலிய கோட்டையை டிலனாயும் கட்டியதில்லை!

ஆயின் இக்கோட்டைக்கும் ஒரு வாயில் உண்டு. பெருமாளுக்கு மூப்பும் இல்லை, பிணியும் இல்லை. ஊழியருக்கோ இரண்டும் உண்டு.

திருவிதாங்கூரில் மன்னர் இறந்தார் என்று சொல்லும் வழக்கம் இல்லை. 'நாடு நீங்கினார்' என்பர். நாடு பெருமாளுடையது, ஊழியர் பணி முடித்து நாட்டைவிட்டு நீங்கினார் என்பது கருத்து. நீங்கியவருக்குப் பின் வருபவர் அவருடைய தம்பி. தம்பி இல்லையேல் சகோதரியின் மகன். பெண் வழி அற்றுப்போகும் நிலை வந்தபோதெல்லாம், வடக்கே கோலத்து நாட்டு அரச குடும்பத்திலிருந்து இளவரசியரைத் தத்தெடுத்து அவ்வழியைத் தொடர்ந்தனர். ஆகவே அடுத்தவர் யார் என்பதில் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. நம் நாட்டுப் பிற அரசுகளில் அண்ணன் தம்பியர் வெட்டிக்கொண்டு மாண்டதை நினைத்தால் இது பெரிய வசதியே.

இவ்விடத்தில் கொச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே அரச குடும்பத்து ஆண்களுள் வயதில் மூத்தவர் எவரோ அவரே மன்னர். குடும்பமோ மிகப் பெரியது. ஆகவே முறை வந்து சேரும்போது மன்னர் கிழவராகவே இருப்பார். 1941 முதல் 1948 வரையுள்ள ஏழாண்டுக் காலத்தில் கொச்சியில் நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து மறைந்தனர். அங்கே மன்னர் மறைவதைத் 'தீப்பெட்டார்' என்பர். சென்னையில் மறைந்தவருக்கு 'மதராசில் தீப்பெட்ட தம்புரான்' என்றே பெயர் நிலைத்துவிட்டது! ஆண்டதைவிட மறைந்ததே அடையாளமாகிப் போன விந்தை வேறு எந்நாட்டில் உண்டோ, அறியேன். கோழிக்கோட்டுச் சாமூதிரி குடும்பத்திலும் மூத்தவரே பட்டத்துக்கு உரியவர். அவருக்கு அடுத்தவரான ஏறால்பாடு, நம் பாலக்காட்டு மாவட்டத்துக் கரிம்புழையில் இருந்துகொண்டு தம் முறையை எதிர்நோக்கியிருப்பார். இம்முறையில் சிறுவன் பட்டத்துக்கு வரமாட்டான் என்னும் நன்மை உண்டு. உறுதியான கை வருவதும் அரிது என்னும் தீமையும் உண்டு. திருவிதாங்கூர் முறையில் இவ்விரண்டும் தலைகீழ்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் சென்றிருந்தேன். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். அதனைப் பராமரிப்பதோ கேரளத் தொல்பொருள் துறை. அங்கே உப்பரிகை மாளிகை என்று மார்த்தாண்ட வர்மர் கட்டிய உயர்ந்த மாளிகை ஒன்று உண்டு. அதன் உச்சி நிலை பெருமாளுக்கென ஒதுக்கப்பட்டது. சுவர் நிறைய ஓவியங்கள். அதற்குக் கீழ்ப்பட்ட நிலையில் மன்னரின் கட்டில் கிடக்கின்றது. பலவகை மருந்து மரங்களை இழைத்துச் செய்தது. டச்சுக்காரர் கொடுத்தது என்று வழிகாட்டி சொன்னார். அதில் படுப்பவருக்கு நோய் அணுகாதாம். என் இளைய மகள், "அப்படியானால் ராஜா ஏனப்பா செத்துப் போனார்?" என்று கேட்டாள். வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். இக்கட்டுரைக்கு வித்து அவள் கேட்ட கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது.

மார்த்தாண்ட வர்மர் 1758ஆம் ஆண்டு ஜூலையில் நாடு நீங்கினார். தம் முடிவு நெருங்குவதை உணர்ந்ததும், மருமகன் இராம வர்மரை அருகழைத்துச் சில கட்டளைகள் இட்டதாக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். பெருமாளுக்குச் செய்த தானத்தை எவ்வகையிலும் மாற்றலாகாது. அரச குடும்பத்தில் பூசல் தலையெடுக்கலாகாது. ஆங்கிலக் கும்பினியாரின் நட்பைக் கைவிடலாகாது. அரசின் செலவு வரவை மிஞ்சலாகாது என்பன அவற்றுள் சில. கடைசிக் கட்டளையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மன்னரிடம் தனி மரியாதை உண்டாகும். சாகும் தறுவாயிலும் வரவு செலவை நினைத்தவர் அவர். கேட்டுக்கொண்ட மருமகனுக்கு அப்போது வயது 34. மாமனின் போர்களையும் சூழ்ச்சிகளையும் உடனிருந்து கண்டவர். ஆகவே ஆட்சி ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சிந்தாமல் சிதறாமல் சென்றது.

இந்த இராம வர்மரே 'தர்ம ராஜா' என்று போற்றப்பெறுபவர். 1758 முதல் 1798 வரை நாற்பதாண்டுகள் ஆண்டார். கதகளிக்கு நூல்கள் இயற்றினார். நாட்டியக் கலை பற்றிப் பாலராம பரதம் என்னும் நூலும் செய்தார். மைசூர்ப் படைக்கு அஞ்சி மலையாள நாட்டிலிருந்து ஓடிவந்த அரச குடும்பத்தார்க்கும் எளியவர்க்கும் புகலிடம் கொடுத்தமையால் அப்பெயர் பெற்றார் என்பர். 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் வடவெல்லையான நெடுங்கோட்டையைத் தாக்கி, முதல் நாளில் தோற்றுத் திரும்பினார். அடுத்த ஆண்டு கோட்டையை உடைத்து உள்ளே புகுந்தும், பெரியாற்று வெள்ளத்தாலும் மைசூர் நோக்கி ஆங்கிலப் படை நகர்ந்த செய்தியாலும் பின்வாங்கினார். பிழைத்த நாட்டுக்கு ஒரு விலை இருந்தது. 1795இல் கும்பினியாருடன் உடன்படிக்கை ஆயிற்று. அவர்தம் படைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டும் கடன் திருவிதாங்கூரின் தலையில் ஏறிற்று.

இக்காலத்தில் மன்னருக்கு வலக்கரமாக இருந்தவர் இராஜா கேசவதாசர். விளவங்கோடு வட்டத்துக் குன்னத்தூரில் பிறந்தவர். போக்கு மூசா மரைக்காயர் என்னும் வணிகரிடம் கணக்கெழுதும் வேலையில் தொடங்கி, அரண்மனைக்கு வந்து, படியேறிப் படியேறித் திவான் ஆனவர். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவர், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியவர் இவரே. கணக்கப்பிள்ளை ஒருவர் நாட்டையே நடத்திக் காட்டினார் என்றால், பேரேட்டைக் கட்டிக்கொண்டு அழும் நம் போன்றோர்க்கு அதில் ஒரு பெருமிதம் உண்டாகாதா?

மன்னர் மூத்துவந்தார். அவருக்கு அடுத்து நிற்கவேண்டிய தம்பி மகயிரம் திருநாள் 1786லேயே மறைந்தார். கதகளி நூல்கள் இயற்றிய புலவரும், நாடு நல்ல மன்னராக எதிர்பார்த்திருக்கக் கூடியவருமான மருமகன் அசுவதி திருநாளும் மன்னருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். நெடுங்காலம் வாழும் மன்னரின் அவலம் இது. வாரிசுகள் ஒவ்வொருவராக உதிர, கிழமரம் மட்டும் நிற்கும். எஞ்சியவர் பாலராம வர்மர் என்னும் சிறுவர். 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், தம் எழுபத்து நான்காம் வயதில் தர்ம ராஜா நாடு நீங்கியபோது, புதிய பத்மநாப தாசருக்கு வயது 16.

சட்டத்தில் ஓட்டை ஏதும் இல்லை. வாரிசு இவரே என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால் பதினாறு வயதுச் சிறுவருக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்பதை எச்சட்டமும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவர் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி என்பவர், கோழிக்கோட்டுப் பக்கத்தவர். மன்னரின் செவி இவர் வசமாயிற்று. கேசவதாசர் பதவி இழந்தார், வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார், உடைமைகள் பறிமுதலாயின. 1799 ஏப்ரலில் அவர் இறந்தார். நஞ்சூட்டிக் கொன்றனர் என்றே அக்காலத்தார் நம்பினர். திப்புவின் காலத்தில் நாட்டைக் காத்த திவானுக்கு, பழைய மன்னர் மறைந்து பதினான்கு மாதம்கூடத் தங்க நிழல் இல்லாமற் போயிற்று.

ஜயந்தன் நம்பூதிரி தலைமை அதிகாரியானார். சங்கரநாராயணன் செட்டியும், மாத்துத் தரகனும் அவருக்குத் துணை. கஜானா வறண்டிருந்தது. கும்பினியாருக்குக் கட்டவேண்டிய தொகை காத்திருந்தது. இம்மூவரும் கண்ட வழி எளிது. ஊர் ஊராகக் காரியக்காரர்களையும் செல்வர்களையும் வரவழைத்து, இவருக்கு இவ்வளவு என்று தொகை விதித்து, கொடாதவரைச் சவுக்கால் அடித்து வாங்கினர். உப்பு வரி முதலியன ஏழையை அழுத்தின. பெருமாளின் பெயரால் பெருமாளின் குடிகள் அடிபட்டனர்.

இரணியலில் காரியக்காரராக இருந்த தலக்குளத்து வேலுத்தம்பிக்கும் அழைப்பு வந்தது. பெருந்தொகை ஒன்றைக் கட்டுமாறு பணித்தனர். மூன்று நாள் தவணை கேட்டு ஊர் திரும்பினார் அவர். தவணை முடிந்தபோது திரும்பி வந்தது பணம் அன்று, மக்கள் படை! நாஞ்சில் நாட்டிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த குடியானவரும் படைவீரரும் திரண்டு திருவனந்தபுரத்துக் கோட்டை வாயிலில் வந்து நின்றனர். நம்பூதிரியை நாடு கடத்துக. மற்ற இருவரையும் ஊரறியச் சவுக்கால் அடித்துக் காதறுக்க. உப்பு வரி முதலியவற்றை நீக்குக என்பன அவர்கள் கோரிக்கை. மன்னர் இணங்கினார். தண்டனைகள் நிறைவேறின. ஜயந்தனின் ஆட்சி சில மாதங்கூட நிற்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கூட்டம் மன்னரை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதிர்த்தால் அது தெய்வத் துரோகம் அன்றோ! மன்னரைச் சூழ்ந்தவரையே கேட்டனர், மன்னரிடமே முறையிட்டனர். திருப்படித் தானம் மன்னரைக் காத்தது. ஆனால் மன்னரின் பெயரால் கொள்ளையடித்தோரையும் சில மாதம் அதே தானம் காத்தது. இந்த இரட்டை முகத்தைப் பாராமல் அதனை வெறுமே புகழ்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

வேலுத்தம்பி பின்னர்த் தளவாய் ஆனார். அவர் ஏறிவந்த படிகளிலும் இரத்தக் கறை இருந்தது என்பதை நம்மவர் மறைக்கலாகாது. கேசவதாசரின் உறவினர் இருவர் அரண்மனைச் சூதில் கொலையுண்டனர். அதில் இவர் பெயரும் அடிபடுகின்றது. கடுமையானவர், ஊழலைப் பொறாதவர், ஊர் ஊராகச் சென்று நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொன்னவர். செலவைக் குறைக்கப் படைவீரர்களின் படியைக் குறைத்தார். 1804இல் படை கலகம் செய்தது. அதனை அடக்கக் கும்பினியாரின் உதவியை நாடினார். உதவிக்கு விலையாக 1805 ஜனவரியில் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆண்டுக் கப்பம் எட்டு லட்சம் ரூபாயாக ஏறிற்று. அதனைக் கட்டமுடியாத நெருக்கடியும், ரெசிடெண்டு மெக்காலேயின் அதிகாரமும் சேர்ந்து, முன்னர்க் கும்பினியாரை நம்பியவரையே அவர்களுக்குப் பகைவராக்கின. 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து போர் அறிக்கை விடுத்தார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் கும்பினியார் கையில் வீழ்ந்தது. துரத்தப்பட்ட தளவாய் மண்ணடிப் பகவதி கோயிலில் உயிர்விட்டார். இறந்த உடலையும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்கில் தொங்கவிட்டனர்.

1798 பிப்ரவரியில் ஒரு முதியவர் மூச்சு நின்றதற்கும், 1809இல் மண்ணடியில் இரத்தம் சிந்தியதற்கும் இடையே பதினோராண்டுகள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் நிற்பதைக் காண்க. சிறுவர் மன்னரானார், திறமையான திவான் போனார், கொள்ளை வந்தது, கொள்ளையை ஒழிக்கக் கலகம் வந்தது, கலகத்தில் எழுந்தவர் கடுமையால் பகை தேடினார், பகையை அடக்க அந்நியன் உள்ளே வந்தான். தர்ம ராஜாவின் நாற்பதாண்டு நல்லாட்சியைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. ஆயினும் மார்த்தாண்ட வர்மர் தமக்குப் பின் முப்பத்து நான்கு வயது ஆண்மகனை விட்டுச் சென்றார். தர்ம ராஜா விட்டுச் சென்றதோ நற்பெயரையும், ஒரு சிறுவரையும், கும்பினியாரின் கடன் சீட்டையுமே. வாரிசுகள் இறந்தது அவர் குற்றமன்று. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் துணையாக ஓர் ஆட்சிக் குழுவை முறைப்படி அமைத்திருப்பின், கேசவதாசர் பிழைத்திருக்கவும் கூடும்.

பாலராம வர்மர் 1810 நவம்பரில், தம் இருபத்தெட்டாம் வயதிலேயே நாடு நீங்கினார். இம்முறை ஆண் வாரிசே இல்லை. மாவேலிக்கரையில் வாழ்ந்த கேரள வர்மர் என்பவர் உரிமை கோரினார். ரெசிடெண்டு கர்னல் மன்றோ விசாரித்து, ஏறத்தாழ இருபது வயதினரான கௌரி லட்சுமி பாயிக்கே பட்டம் என்று முடிவு செய்தார். ராணி அவரையே திவானாகவும் அமர்த்திக்கொண்டார். பெருமாளுக்கு எழுதிவைத்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் பெருமாளின் முதலமைச்சர்! கோயில் நிலங்களைச் சர்க்கார் நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தவரும் அவரே. 1812இல் அடிமை வாணிபத்தைத் தடைசெய்த நற்செயலும் இவ்வாட்சியில்தான் நிகழ்ந்தது. 1813 ஏப்ரலில் ராணிக்குச் சுவாதித் திருநாள் பிறந்தார். தாயின் வயிற்றிலிருக்கும்போதே மன்னர் என எண்ணப்பட்டவராதலால் கர்ப்ப ஸ்ரீமான் என்று பெயர் பெற்றார். அக்குழந்தைக்கு இரயிம்மன் தம்பி பாடிய தாலாட்டை இன்றும் மலையாளத் தாய்மார் பாடக் கேட்கலாம். அத்தாலாட்டில் இழையும் ஏக்கத்தை, வாரிசின்றித் தவித்த ஒரு நாட்டின் பெருமூச்சு என்றே நான் கேட்கிறேன்.

அடுத்த நூறாண்டை விரைந்து கடப்போம். இடையில் 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் எழுதப்பட்ட முல்லைப் பெரியாற்றுக் குத்தகையை மட்டும் நம்மவர் மறவார். 999 ஆண்டுக்கு எழுதியது அது. ஊழியர்கள் ஒருவர்பின் ஒருவராக நாடு நீங்கினர், அரசே நீங்கிற்று, குத்தகைச் சீட்டு இன்றும் உயிரோடிருந்து வழக்காடுகின்றது.

1924 ஆகஸ்டு 7ஆம் நாள் மூலம் திருநாள் மகாராஜா மறைந்தார். முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆண்ட முதியவர். அடுத்த வாரிசான சித்திரைத் திருநாளுக்கு வயது பன்னிரண்டு நிறையவில்லை. இங்கே 1798ஐ நினைவுகூர்க. அதே நிலை, ஆனால் இம்முறை ஏற்பாடு வேறு. மூத்த ராணி சேது லட்சுமி பாயி முறைப்படி ரீஜண்டாகப் பொறுப்பேற்று, 1931 நவம்பரில் சிறுவர் வயதுக்கு வந்ததும் ஆட்சியை ஒப்படைத்தார். அப்போது நடந்துகொண்டிருந்தது வைக்கம் சத்தியாக்கிரகம். ஈ. வெ. ரா. பெரியார் திருவனந்தபுரம் சிறையில் இருந்தார். சத்தியாக்கிரகத்தாரை ஒழிக்கச் சனாதனிகள் ஒரு யாகம் நடத்தினர் என்றும், ஆனால் மகாராஜாவே காலமானார் என்றும், யாகம் திரும்பிப் பாய்ந்துவிட்டதென ஊரார் பேசினர் என்றும் பெரியார் பின்னாளில் நகைச்சுவையாகக் கூறியதுண்டு. யாகத்தின் பலன் எதுவாயினும், ரீஜண்டு ராணி சிறையிலிருந்தோரை விடுவித்தார் என்பது உண்மை. 1936 நவம்பர் 12ஆம் நாள், இளைய மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். பெருமாளின் நாட்டில் பெருமாளைக் காண உரிமையின்றி நின்ற குடிகளுக்குக் கதவு திறந்தது; தானம் எழுதி அதற்குள் 186 ஆண்டுகள் ஆகியிருந்தன.

திபெத்திலும் இதே கதைதான். பதின்மூன்றாம் தலாய் லாமா 1933இல் மறைந்தார். அடுத்தவராகக் கண்டறியப்பட்ட குழந்தை பிறந்தது 1935இல். இடையே ரீஜண்டுகளின் ஆட்சி, அவர்களுக்குள் பூசல். 1950 நவம்பரில், சீனப் படை உள்ளே நுழைந்த நெருக்கடியில், பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் முழு அதிகாரமும் ஏற்றப்பட்டது. பாலராம வர்மரைவிட ஒரு வயது குறைவு! அந்த அனுபவம் மறவாமைதான் போலும், அவர் 2011லேயே அரசியல் அதிகாரத்தைத் தேர்தலில் வென்ற தலைவரிடம் ஒப்படைத்துவிட்டார். போப் பதினாறாம் பெனடிக்டும் 2013 பிப்ரவரியில் முதுமையைக் காரணம் காட்டித் தாமே விலகினார். படுக்கையில் வீழுமுன் சாவியைக் கழற்றிக் கொடுக்கும் இத்துணிவு திருவிதாங்கூர் மன்னர் எவருக்கும் வாய்க்கவில்லை. ஊழியர் தாமாக வேலையை விடுவதற்குத் திருப்படித் தானத்தில் விதியும் இல்லை.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து இந்தியாவின் ஒரு மாநிலம் ஆயின. சித்திரைத் திருநாள் இராஜப் பிரமுகர் ஆனார். பத்மநாபருக்கே ஊழியம் செய்வதாக வாக்களித்த தாம் வேறொன்றுக்கு உறுதிமொழி எடுப்பதெங்ஙனம் என்று அப்போது அவர் தயங்கியது வரலாறு. 1956 நவம்பர் 1ஆம் நாள் அப்பதவியும் முடிந்தது. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர, கேசவதாசரும் வேலுத்தம்பியும் பிறந்த மண் நம் பக்கம் வந்தது. தேவிகுளமும் பீருமேடும் இப்பக்கம் நின்றன.

நாடு போயிற்று, கோயில் மட்டும் எஞ்சியது. 1991 ஜூலை 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மறைந்தார். அப்போது பழைய கேள்வி புது உடையில் வந்தது. அவர் கடைசி மன்னர். மன்னர் பட்டங்களை அரசியல் சட்டம் 1971லேயே நீக்கிவிட்டது. ஆகவே கோயிலை நிர்வகிக்கும் உரிமை அவருடன் முடிந்ததா, அல்லது அவர் தம்பி உத்திராடம் திருநாளுக்கு வந்ததா? கேரள உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில், முடிந்தது என்றது. அவ்வாண்டு நிலவறைகள் திறக்கப்பட்டு, உள்ளிருந்த பொன்னும் மணியும் உலகையே வாய்பிளக்க வைத்தன. உத்திராடம் திருநாள் 2013 டிசம்பரில், வழக்கு முடியுமுன் காலமானார். 2020 ஜூலை 13ஆம் நாள் உச்சநீதிமன்றம், மன்னர் மறைந்தாலும் பெருமாளுக்கு ஊழியம் செய்யும் குடும்பத்தின் உரிமை மறையாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அன்றாட நிர்வாகத்துக்கு மாவட்ட நீதிபதியின் தலைமையில் ஒரு குழு என்றும் வகுத்தது. 1798இல் பதினாறு வயதுப் பிள்ளையைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய குழு, 222 ஆண்டுகள் கழித்துப் பெருமாளைச் சுற்றி வந்திருக்கின்றது!

இன்றும் ஆண்டுக்கு இருமுறை, பங்குனி விழாவிலும் ஐப்பசி விழாவிலும், ஆறாட்டு நாளன்று குடும்பத் தலைவர் உருவிய வாளுடன் பெருமாளுக்கு முன்னே நடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறார். வழி விமான நிலையத்தின் ஓடுபாதைக்குக் குறுக்கே செல்கின்றது. ஊர்வலம் போய்த் திரும்பும்வரை சில மணி நேரம் விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நம் வண்டி ஒன்று ஐந்து நிமிடம் தாமதித்தால் எத்தனை காகிதத்துக்குப் பதில் எழுதவேண்டியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே, பிள்ளைகளுடன் கூட்டத்தில் நின்று அதனைக் கண்டேன். வாளேந்தி முன்னே நடந்தவர் முகத்தில் மன்னரின் மிடுக்கு இல்லை. நேரத்தோடு போய்ச் சேரவேண்டுமே என்னும் ஊழியரின் கவலையே தெரிந்தது.